ஹெர்மிஸ் தலையைத் திருப்பிப் பாருங்கள்: பழைய கிரேக்க ஸ்டாம்புகளில் அசலும் போலியும்

பழைய கிரேக்க ஸ்டாம்பு கைக்கு வந்தால் முகத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் முதுகைப் பாருங்கள். கிரேக்கத் தூதுக் கடவுள் ஹெர்மிஸின் தலையைத் தாங்கி 1861 அக்டோபரில் வெளிவந்த ‘பெரிய ஹெர்மிஸ் தலை’ வரிசை ஒரே படத்தோடு, 1886-இல் சிறிய ஹெர்மிஸ் வரும்வரை ஓடியது. அதே 20 லெப்டா (100 லெப்டா ஒரு டிராக்மா, கிரீஸின் பழைய நாணயம்) ஓர் அச்சில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், இன்னோர் அச்சில் ஏலத்துக்குப் போகும். படம் ஒன்றுதான் என்பதால், எந்த அச்சு என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும்.

தகட்டுக்கான மூலத்தைச் செதுக்கியவர் பாரிஸ் நாணயச்சாலையின் தலைமைச் செதுக்குநர் தெசிரே-ஆல்பர் பார். முதல் அச்சு பாரிஸில் எர்னஸ்ட் மேயரிடம் நடந்தது. அதே ஆண்டு முடிவதற்குள் தகடுகள் ஏதென்ஸ் வந்து சேர, அதன்பின் அங்கேயே அச்சிட்டார்கள். பாரிஸ் கை பழகிய கை. ஏதென்ஸில் அப்போதுதான் தொழில் கற்றுக்கொண்டிருந்தார்கள். இந்த வித்தியாசம் ஸ்டாம்பில் அப்படியே தெரியும்.

தேவைப்படும் சாமான் அதிகமில்லை: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், முனை தட்டையான இடுக்கி, கருப்புத் தட்டு, கொஞ்சம் பென்சின் (சட்டென ஆவியாகும் பெட்ரோலியத் திரவம்), புற ஊதா விளக்கு, ஸ்டாம்பின் ஓரப் பல்வரிசையை அளக்கும் துளை அளவி. பென்சின் பக்கத்தில் நெருப்பு கூடாது. தண்ணீரில் ஊறப்போடும் பழக்கத்தையும் அடக்கி வையுங்கள். 1880களின் ரோஜாச் சிவப்பு 20 லெப்டாவில் அனிலின் என்ற செயற்கைச் சாய மை உண்டு. நனைந்தால் சாயம் போய்விடும்.

இப்போது பின்பக்கம். ஏதென்ஸ் அச்சில் 5, 10, 20, 40, 80 லெப்டா ஸ்டாம்புகளின் முதுகில் அவற்றின் மதிப்பே எண்ணாக அச்சாகியிருக்கும். 1, 2 லெப்டாவில் எண் கிடையாது. பாரிஸ் அச்சில் எதற்குமே எண் இல்லை, 10 லெப்டாவைத் தவிர. அதில் மட்டும் 8 மில்லிமீட்டர் உயரமுள்ள பெரிய ‘10’ இருக்கும். ஏதென்ஸ் எண்கள் அதைவிடச் சிறியவை. 1876-இல் சேர்ந்த 30, 60 லெப்டாவுக்கும் எண் இல்லை. 1880 வாக்கில் மற்றவற்றிலும் எண் போடுவதை விட்டுவிட்டார்கள். எண்ணில் நேர்ந்த பிசகுகளுக்குத் தனி மவுசு: தலைகீழானது, இரண்டு தடவை விழுந்தது, ‘10’ என்பதற்குப் பதில் ‘01’ என்று விழுந்தது.

ஆக, எண் இல்லாத 20 லெப்டா என்றால் இரண்டு வாய்ப்பு: விலை உயர்ந்த பாரிஸ், அல்லது சாதாரண 1880கள். முடிவு செய்ய ஹெர்மிஸின் கன்னத்தையும் கழுத்தையும் லென்ஸில் பாருங்கள். பாரிஸ் அச்சில் நிழல்கோடுகள் முடி போல மெல்லியவை. ஒளி விழும் பக்கம் போகப் போகக் கோடு அறுந்து புள்ளிகளாகி மறையும். ஆரம்ப ஏதென்ஸ் அச்சில் அதே கோடுகள் தடித்து, அறுபடாமல் நீண்டு போகும். முகமே கொஞ்சம் அழுக்குப் படிந்தாற்போல் இருக்கும். பிற்பாடு தகடுகளைச் சுத்தம் செய்தபின் ஏதென்ஸ் அச்சும் ஓரளவு தெளிந்துவிட்டது. புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். தாளையும் சேர்த்துப் பாருங்கள்: கிரீம் நிறம் தட்டினால் பாரிஸ் என்ற ஆசையை விட்டுவிடலாம். எண்ணே இல்லாத 1, 2 லெப்டாவுக்கு அச்சும் நிறமும் தாளும்தான் சாட்சி. மலிவான பழைய ஸ்டாம்புகளை வாங்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் கண் பழகும். படத்தைப் பார்த்துப் பழகாது.

முழுப் போலியைவிட ஆபத்தானது, தில்லுமுல்லு செய்த அசல். ஏதென்ஸ் ஸ்டாம்பின் முதுகு எண்ணைச் சுரண்டிவிட்டு ‘பாரிஸ்’ என்று விற்பது பழைய வேலை. ஸ்டாம்பைக் குப்புறக் கருப்புத் தட்டில் வைத்து இரண்டு சொட்டு பென்சின் விடுங்கள். சுரண்டிய இடத்தில் தாள் மெலிந்திருப்பதால் அங்கே கருமையாகத் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் நார் எழும்பி நிற்பதும் புலப்படும். எண் இருக்க வேண்டிய இடத்தை மட்டும், ஆல்பத்தில் ஒட்டப் பயன்படும் தடித்த ஒட்டுத்தாள் மறைத்துக்கொண்டிருந்தால் சந்தேகப்படுங்கள். வெட்டுப்பட்ட ஸ்டாம்பில் புதிதாக ஒட்டவைத்த விளிம்பும் பென்சினில் கோடாகத் தெரிந்துவிடும். புற ஊதா ஒளியில் பளிச்சென நீலவெள்ளையாக மின்னினால், அந்தத் தாளோ பசையோ 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தையது.

முழுப் போலிகளைப் பிடிப்பது எளிது. அசல் மேடெழுத்து அச்சு, அதாவது தகட்டில் மேடாக நிற்கும் கோடுகளில் மை தடவி அழுத்தியது. மை கோட்டின் ஓரத்துக்கு நெருக்கித் தள்ளப்பட்டு, விளிம்பு அடர்த்தியாக இருக்கும். பழைய போலிகளில் பெரும்பாலானவை கல்லச்சு. மை ஒரே சீராக, தட்டையாகக் கிடக்கும். அடியில் உள்ள ‘லெப்டா’ என்ற சொல்லையும் பாருங்கள். முதலெழுத்தான லாம்டா கூடாரம் போல் இருக்கும், நடுக்கோடு கிடையாது. கடைசி ஆல்ஃபாவுக்குத்தான் நடுக்கோடு. கிரேக்கம் தெரியாதவர் செய்த போலியானால் இந்த இடத்தில் தடுமாறியிருப்பார். தலையைச் சுற்றி வட்டமாக உள்ள முத்து போன்ற புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டோ முட்டை வடிவிலோ இருந்தாலும் விலகிவிடுங்கள். பெரிய ஹெர்மிஸ் அதிகாரபூர்வமாக ஓரத் துளையில்லாமல்தான் வந்தது. துளையிட்டது தனியார் வேலை.

அஞ்சலகம் குத்தும் முத்திரைக்கு வருவோம். வழக்கமாக ஸ்டாம்பின் மேல் புள்ளிகளாலான சாய்சதுரம், அதன் நடுவே அஞ்சலகத்தின் எண் இருக்கும், ஏதென்ஸுக்கு 1. ஊர், தேதி கொண்ட வட்ட முத்திரை பக்கத்தில் விழும். உறையோடு வாங்குபவர்கள் நாட்காட்டியை மறக்கக் கூடாது. கிரீஸ் 1923 வரை ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அது மேற்கு ஐரோப்பாவைவிட 12 நாள் பின்தங்கியது. ஏதென்ஸில் மார்ச் 10 என்று முத்திரை விழுந்த கடிதம் பிரான்ஸ் கணக்கில் மார்ச் 22-இல் புறப்பட்டது. அதன் முதுகில் பிரான்ஸின் மார்செய் துறைமுக வருகை ‘மார்ச் 17’ என்றிருந்தால், அந்த முத்திரை ஏதோ வீட்டு மேசையில் குத்தியது.

முத்திரைப் போலி அதிகம் நடமாடுவது கிரீஸின் மேற்குக் கரையோர அயோனியன் தீவுகளின் ஸ்டாம்புகளில். 1859-இல் பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்தபோது லண்டன் அச்சகமான பெர்கின்ஸ் பேக்கன் அச்சிட்ட மூன்றே ஸ்டாம்புகள், விக்டோரியா ராணி தலை, மதிப்பு எழுதப்படவில்லை. ஆரஞ்சுக்கு நீர்க்குறி (தாளுக்குள் பதிந்திருக்கும் குறி) இல்லை, நீலத்துக்கு ‘2’, சிவப்புக்கு ‘1’. 1864-இல் தீவுகள் கிரீஸோடு சேர்ந்ததும் ஸ்டாம்பு செல்லாமல் போய், மிச்சமெல்லாம் சந்தைக்கு வந்தது. அதனால் பயன்படுத்தாதது மலிவு, பயன்படுத்தியது அரிது. முத்திரையோடு மலிவாகக் கிடைத்தால் அது அசல் ஸ்டாம்பின் மேல் குத்திய போலி முத்திரை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

1896 ஒலிம்பிக் வரிசையில் 2, 5, 10 டிராக்மா மூன்றும்தான் கவனத்துக்குரியவை. அசலின் துளை 14-க்கு 13½ (கிடையாகவும் நெடுக்காகவும் 2 செ.மீ.-க்கு எத்தனை துளை என்ற கணக்கு), அல்லது திருப்பிப் போட்டது. அளவி வேறு எண் காட்டினால் அதற்குமேல் பார்க்க வேண்டியதில்லை.

விலை போடும்போது முதலில் அச்சைத் தீர்மானியுங்கள், பிறகு நிறச்சாயல், பிறகு நிலை. 40 லெப்டாவின் சோல்ஃபெரினோ (செவ்வூதா) சாயல் போன்ற அரியவற்றுக்கு வெறும் கண்ணை நம்பாதீர்கள்; வெயிலும் ரசாயனமும் ஊதாவை எதுவாகவும் மாற்றும். தகட்டில் ஸ்டாம்புகள் நெருக்கமாக இருந்ததால் நான்கு பக்கமும் முழு விளிம்போடு கிடைப்பது கஷ்டம், அதற்குக் கூடுதல் விலை நியாயமே. மெலிவு, மடிப்பு, ஒரு பக்கம் வெட்டுப்பட்ட சட்டம் இருந்தால் கேட்லாக் விலை உங்களுக்குப் பொருந்தாது. அது குறையில்லாத பிரதிக்கானது. கிரேக்க வகைகளை நுணுக்கமாகப் பிரிப்பதில் விளாஸ்டோஸ் கேட்லாக் உலகப் பொதுக் கேட்லாக்குகளைவிட உதவும்.

பெரிய தொகை என்றால் லண்டன் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டி போன்ற நிபுணர் குழுவின் சான்றிதழுக்கு உட்பட்டே வாங்குங்கள். முதுகில் பழைய நிபுணரின் கையொப்பம் இருப்பது போதாது, கையொப்பத்திலும் போலி உண்டு. இணைய ஏலத்தில் முன்பக்கப் படம் மட்டும் இருந்தால் பின்பக்கப் படம் கேளுங்கள். மூன்று நாளில் வரவில்லையென்றால் அடுத்ததற்குப் போய்விடுங்கள்.