ஏழில் நாலைத் தட்டாதீர்கள்: புரோக் ராக் ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரோக் ராக் என்பது சிக்கலான தாளங்களில் நீளமான பாட்டுகளாகப் போகும் ராக் இசை. அதில் பிங்க் ஃபிளாய்டு குழுவின் 'மணி' (பணம்) என்ற பாட்டு கல்லாப்பெட்டிச் சத்தத்தோடு தொடங்கும். சில்லறை, கிழிபடும் காகிதம், கல்லா என்று மொத்தம் ஏழு ஓசைகள். டேப்பை ஒரே நீளத் துண்டுகளாக வெட்டி, வட்டமாக ஒட்டிச் சுற்றவிட்டார்கள். அந்த ஏழுதான் பாட்டின் தாளமும். கச்சேரிக் கூட்டத்தில் ஒரு பகுதி அதற்கு இரண்டுக்கொரு தட்டு தட்ட ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் கை தடுமாறும், பிறகு ஆளுக்கொரு திசையில் தட்டிவிட்டு ஓய்ந்துபோகும்.

முதல் ஆவர்த்தனத்தில், அதாவது தாளத்தின் முதல் சுற்றில், தட்டு 2, 4, 6 ஆகிய எண்களில் விழுகிறது. அடுத்த தட்டு எட்டாவதில் விழ வேண்டும். அது இரண்டாம் ஆவர்த்தனத்தின் முதல் எண். எனவே இந்த முறை 1, 3, 5, 7. மூன்றாவதில் மறுபடி 2, 4, 6. பதினான்கு எண்ணுக்கு ஒருமுறைதான் தட்டும் பாட்டும் சேரும். தட்டியே தீர வேண்டுமென்றால் கித்தார் சோலோ வரும்வரை பொறுங்கள். அந்த இடத்தில் பாட்டு நாலுக்கு மாறிவிடும், தாராளமாகத் தட்டலாம். அதற்கு முன் வரும் சாக்ஸபோன் சோலோவில் ஏமாந்துவிடாதீர்கள், அது ஏழில்தான் போகிறது.

பின்வரிசையில் நிற்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும். மேடையிலிருந்து 34 மீட்டரில் நிற்பவர் எல்லாவற்றையும் பத்தில் ஒரு வினாடி தாமதமாகக் கேட்கிறார். கேட்டதற்குச் சரியாகத் தட்டினாலும் அந்தத் தட்டு மேடைக்குத் திரும்பிப் போக இன்னொரு பத்தில் ஒரு வினாடி ஆகும். நிமிடத்துக்கு 120 எண் ஓடும் பாட்டில் இது ஏறக்குறைய அரை எண் பிசகு. நாலில் போகும் பாட்டு இதைத் தாங்கும். ஏழில் போவது தாங்காது.

எண்ணும்போது பெரும்பாலானோர் செய்யும் தவறு 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று சொல்லி எண்ணுவது. வேகமான 7/8-ல் (சுற்றுக்கு ஏழு துடிப்பு) 'இரண்டு' என்ற சொல்லே நாக்கைத் தடுக்கிவிடும். தகிட, தகதிமி என்று சொல்லிப் பாருங்கள், அசைக்கு ஒரு துடிப்பாக ஓடும். கர்நாடக இசையின் மிஸ்ர சாபு தாளம் கேட்டுப் பழகிய காதுக்கு ஏழு அந்நியமில்லை. ஆனால் அதே பழக்கம் ஒரு பொறியும்கூட. சாபு 3+4 என்று பிரியும். ராக்கில் ஏழு பல இடங்களில் 2+2+3 என்று, மூன்று கடைசியில் வருமாறு பிரியும். தகிடவை முதலில் வைத்தால் அழுத்தம் எல்லாம் தப்பான இடத்தில் விழும். முதலில் பேஸ் கித்தாரைப் பிடியுங்கள். அதன் வரி எங்கே திரும்பத் தொடங்குகிறது என்று பார்த்து, இரண்டு தொடக்கங்களுக்கு இடையே எத்தனை துடிப்பு என்று எண்ணுங்கள். பிரிவு பிறகு தானாகத் தெரியும். டிரம்ஸை வைத்து எண்ணாதீர்கள். ஏழுக்கு மேல் நாலை வாசித்து உங்களைக் குழப்புவதே சில டிரம்மர்களின் பொழுதுபோக்கு.

ரஷ் இசைக்குழுவின் 'ஒய்ஒய்இஸட்' (1981) தொடக்கம் எண்ணிப் பழக நல்ல இடம். அது டொராண்டோ விமான நிலையத்தின் குறியீடு, புள்ளியும் கோடுமாக வரும் மோர்ஸ் தந்திக் குறியில் தட்டப்படுகிறது. கோட்டை நெடிலாகவும் புள்ளியைக் குறிலாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒய் என்பது நெடில், குறில், நெடில், நெடில். மாத்திரை 2+1+2+2, ஏழு. அடுத்த ஒய்க்கும் ஏழு. இஸட் என்பது நெடில், நெடில், குறில், குறில், ஆறு. ஆக மொத்தம் இருபது மாத்திரை, எண்ணுக்கு நான்கு மாத்திரை வீதம் 5/4-ல் ஓர் ஆவர்த்தனம், 10/8 என்றும் எழுதுவார்கள். யாப்பு படித்தவருக்கு இது ஒரு வேலையே இல்லை. மோர்ஸ் என்று தெரிந்ததும் பாட்டை மோர்ஸைப் படிக்கும் செயலியில் ஓடவிட்டு, எழுத்து வரவில்லை, ஆகவே எல்லாம் கட்டுக்கதை என்று முடிவுகட்டுவது தவறு. உண்மையான மோர்ஸில் கோடு என்பது மூன்று புள்ளி நீளம், எழுத்துக்கு எழுத்து இடைவெளியும் உண்டு. பாட்டில் கோடு இரண்டு புள்ளி நீளம்தான், இடைவெளி கிடையாது. செயலி திணறத்தான் செய்யும்.

டிக்கெட்டில் இருக்கும் பெயர்

பெயரைப் பார்த்து டிக்கெட் வாங்குவது இந்த இசையில் ஆபத்தான பழக்கம். பிங்க் ஃபிளாய்டின் டிரம்மர் நிக் மேசனின் 'சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்' குழு, பிங்க் ஃபிளாய்டின் ஆரம்பகாலப் பாடல்களை மட்டுமே வாசிக்கும். 'மணி' வந்த 1973 முதல் வெளியான எதுவும் அதில் இல்லை. 'மணி' கேட்கப் போனவர் வெறுங்காதோடு திரும்புவார். 'மியூசிக்கல் பாக்ஸ்' என்பது ஜெனிசிஸ் குழுவின் எழுபதுகளின் மேடையை அப்படியே மறுபடி கட்டும் மாண்ட்ரியல் குழு. ஜெனிசிஸ் ஆட்கள் யாரும் அதில் இல்லை. பேஸ் வாசித்த கிறிஸ் ஸ்கொயர் 2015-ல் மறைந்தபின் 'யெஸ்' குழு வேறு ஆட்களோடு நடக்கிறது. ரஷ்ஷின் டிரம்மர் நீல் பியர்ட் 2020 ஜனவரியில் காலமானார். 2025-ல் மற்ற இருவரும் அனிகா நில்லஸை டிரம்ஸில் அமர்த்தி 2026 பயணத்தை அறிவித்தார்கள். இவற்றில் எதுவும் ஏமாற்று வேலையில்லை. யார் வாசிக்கிறார்கள், எந்தக் காலத்துப் பாடல்கள் என்ற இரண்டையும் பணம் கட்டுமுன் பாருங்கள், அவ்வளவுதான்.

'ஓர் மாலை இவர்களுடன்' என்ற பொருளில் விளம்பரம் இருந்தால் பெரும்பாலும் முன்கச்சேரி கிடையாது என்று அர்த்தம். போட்ட நேரத்துக்கே முக்கியக் குழு மேடையேறும். ஒரு மணிநேரம் தாமதமாகப் போகும் வழக்கம் இங்கே உதவாது, முதல் இருபது நிமிடப் பாட்டே போய்விடும்.

செல்போன் விஷயத்தில் சில குழுக்கள் கறார். கிங் கிரிம்சன் கடைசி ஆண்டுகளில் படமெடுக்கக் கூடாது என்று அறிவிப்பே வைத்தது. நிகழ்ச்சி முடிவில் பேஸ் வாசிக்கும் டோனி லெவின் தன் கேமராவைக் கையிலெடுத்துக் கூட்டத்தைப் படமெடுப்பார். அப்போதுதான் கூட்டமும் எடுக்க முடிந்தது. டூல் கச்சேரிகளில் கடைசிப் பாட்டுக்கு மட்டும் அனுமதி தரும் வழக்கம். அதற்குமுன் போனை உயர்த்தினால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

காது. இதில்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு அமைப்பான நையோஷின் கணக்கு இது: 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-ல் 4 மணி, 91-ல் 2, 94-ல் 1, 97-ல் அரை மணி, 100-ல் கால் மணி. 100 டெசிபலைத் தொடும் மூன்று மணிக் கச்சேரியை வெறுங்காதோடு கேட்டால் அந்த அளவைப் பன்னிரண்டு மடங்கு தாண்டுகிறோம்.

காதடைப்பான் வாங்கியவர்களும் தவறு செய்கிறார்கள். மருந்துக்கடை ஃபோம் அடைப்பான் மேல் சுரங்களை அதிகம் வெட்டும், சிம்பல்கள் கம்பளிக்குள் இருந்து வருவதுபோல் கேட்கும். இது பிடிக்காமல் பாதியில் கழற்றிவிடுவார்கள். இசைக்காகவே செய்த வடிகட்டி அடைப்பான் எல்லாச் சுரங்களையும் ஏறக்குறைய சமமாக 15 முதல் 20 டெசிபல் வரை குறைக்கும். வாங்குவதானால் அதை வாங்குங்கள். ஃபோம்தான் கையில் இருக்கிறதென்றால் மெல்லிய திரிபோல் உருட்டி, எதிர்க்கையைத் தலைக்குமேல் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். சட்டென்று விட்டால் வெளியிலேயே உப்பி நின்றுவிடும். சோலோவுக்குச் சோலோ கழற்றிவைக்காதீர்கள். பாதி நேரம் போட்டுப் பாதி நேரம் கழற்றினால், அது எவ்வளவு உயர்ந்த அடைப்பானாக இருந்தாலும் மொத்தத்தில் கிடைக்கும் பாதுகாப்பு 3 டெசிபல்தான்.

பொம்மைக் கித்தாரும் 200 மில்லி வினாடியும்

திரையில் ஓடிவரும் சுரங்களுக்கு ஏற்பப் பொம்மைக் கித்தாரின் பொத்தான்களை அழுத்தும் 'கித்தார் ஹீரோ 2' வீடியோ விளையாட்டில் 'ஒய்ஒய்இஸட்' வந்தது. 2010-ல் வந்த 'கித்தார் ஹீரோ: வாரியர்ஸ் ஆஃப் ராக்' ரஷ்ஷின் '2112' என்ற நெடும்பாட்டை ஏழு பகுதிகளோடும் வைத்தது, கதையைச் சொல்லும் குரல்கள் குழுவினருடையவை. அதனால் புரோக் ரசிகர்கள் இந்தப் பொம்மைக் கித்தார்களை இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

பழையது வாங்கும்போது கித்தார் மட்டும் கிடைத்தால் போதாது. பிளேஸ்டேஷன் 3 கித்தாருக்கு அதற்கேயுரிய யுஎஸ்பி டாங்கிள் (செருகும் சிறு ரிசீவர்) வேண்டும். எக்ஸ்பாக்ஸ் 360 கம்பியில்லாக் கித்தாரைக் கணினியில் இணைக்க 360-க்கான ரிசீவர் வேண்டும். நின்டெண்டோவின் வீ (Wii) கித்தாருக்குள் வீ ரிமோட் செருக வேண்டும். டாங்கிள் தனியாகத் தேடினால் கித்தார் விலையைவிட அதிகம் கேட்கும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது தாமதம். நிமிடத்துக்கு 140 எண் ஓடும் பாட்டில் பதினாறாம் சுரம் ஒன்று 107 மில்லி வினாடி. புளூடூத் ஹெட்போன் 200 மில்லி வினாடி பின்தங்குவது சர்வ சாதாரணம். அப்படியானால் காதில் விழுவது ஏறக்குறைய இரண்டு சுரம் முந்தையது. கம்பி ஹெட்போனுக்கு மாறுங்கள். டிவியில் கேம் மோடை முதலில் போட்டுவிட்டுப் பிறகு விளையாட்டில் தாமத அளவீடு செய்யுங்கள், மாற்றிச் செய்தால் எடுத்த எண் வீண். அளவீட்டில் ஒலியைக் கண்ணை மூடிக்கொண்டும், படத்தைச் சத்தத்தை அணைத்துவிட்டும் தனித்தனியாகச் சரிசெய்யுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் காதின் பிழையைக் கண் மறைத்துவிடும்.

திரையில் ஓடிவரும் பாதையில் தடித்த கோடு ஆவர்த்தனத்தின் தொடக்கம், மெல்லிய கோடு ஒவ்வோர் எண். இரண்டு தடித்த கோடுகளுக்கு நடுவே எண்ணினால் தாளம் தெரிந்துவிடும். ஆனால் இதே பாணி விளையாட்டான 'குளோன் ஹீரோ'வுக்கு ரசிகர்கள் செய்து பகிரும் பாடல்களில் இதை நம்பிவிடாதீர்கள். சோம்பல்பட்டு எல்லாவற்றையும் 4/4 என்று விட்டிருப்பார்கள். சுரம் சரியாக இருக்கும், கோடு பொய் சொல்லும்.

சிங்கமும் பதின்மூன்றும்

1939-ல் வந்த 'விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தின் தொடக்கத்தில் எம்ஜிஎம் சிங்கம் மூன்றாம் முறை கர்ஜிக்கும்போது பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' இசைத்தட்டை ஓடவிட்டால் இரண்டும் பொருந்தும் என்ற கதை 1995 முதல் சுற்றுகிறது. பொருந்தும்படி திட்டமிட்டதாகச் சொல்வதை விட்டுவிடுங்கள். தட்டு வந்தது 1973 மார்ச்சில், வீட்டில் படம் ஓட்டும் விஎச்எஸ் வீடியோ ஜப்பானில் விற்பனைக்கு வந்ததே 1976-ல். வேடிக்கைக்காகச் செய்து பார்ப்பவர்கள் சறுக்கும் இடம் வேறு. ஒன்று, வினைல் உதவாது. படம் வண்ணத்துக்கு மாறும் நேரத்தில் 'மணி' தொடங்குவதுதான் இதன் பெருமையே. வினைலில் அது இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு, திருப்பிப் போடுவதற்குள் வண்ணம் வந்துவிடும். இன்னொன்று, இந்தியாவிலும் இலங்கையிலும் விற்ற, PAL என்ற தொலைக்காட்சி முறையில் வந்த டிவிடி. வினாடிக்கு 24 சட்டத்தில் எடுத்த படத்தை அது 25 சட்டமாக ஓட்டும். 43 நிமிடத் தட்டு முடியும்போது படம் ஏறக்குறைய ஒரு நிமிடம் 47 வினாடி முந்திப் போயிருக்கும். ப்ளூ-ரேயில் இந்தக் கோளாறு இல்லை.

டூல் குழுவின் 'லேட்டரலஸ்' (2001) தட்டு விஷயத்தில் பாதி உண்மை, பாதி கயிறு. தலைப்புப் பாட்டின் வரிகளில் அசைகள் 1, 1, 2, 3, 5, 8 என்று ஃபிபோனச்சி வரிசையில் (முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்த எண்) ஏறி இறங்குவது உண்மை. பல்லவியில் 9/8, 8/8, 7/8 வருவதும், 987 அந்த வரிசையின் பதினாறாம் எண் என்பதும் உண்மை. தட்டின் 13 பாட்டுகளைக் கூட்டினால் 13 வரும் ஜோடிகளாக மாற்றி அடுக்கினால் ரகசிய வரிசை வெளிப்படும் என்பதுதான் கயிறு. ஒன்றோடு பன்னிரண்டு, இரண்டோடு பதினொன்று என்று சேர்த்துக்கொண்டே போங்கள்: 13 பாட்டுள்ள எந்தத் தட்டிலும் ஆறு ஜோடி விழும், பதின்மூன்றாவது தனியாக மிஞ்சும். பஜனைப் பாட்டுத் தட்டிலும் விழும்.

எல்லாமே புரளி என்று தள்ளுவதும் சரியாகாது. 1994 ஜூனில் 'பப்ளியஸ்' என்ற பெயரில் ஒருவர் பிங்க் ஃபிளாய்டின் புதிய தட்டில் புதிர் இருப்பதாகவும் விடுவிப்பவருக்குப் பரிசு உண்டென்றும் யூஸ்நெட் என்ற இணைய விவாதக் களத்தில் எழுதினார். ஆளை மறைக்கும் அஞ்சல் வழியாக வந்ததால் யாரும் நம்பவில்லை. ஜூலை 18 நியூ ஜெர்சிக் கச்சேரியில் அடையாளம் தெரியும் என்று முன்கூட்டியே சொன்னார். அன்றிரவு மேடை முகப்பின் விளக்குகள் 'எனிக்மா பப்ளியஸ்' (எனிக்மா என்றால் புதிர்) என்று எழுதிக்காட்டின. ஒலிப்பதிவு நிறுவனத்தின் ஏற்பாடு அது என்று நிக் மேசன் 2005-ல் சொன்னார். பரிசு யாருக்கும் போகவில்லை.

கடைசியாக, யெஸ்ஸின் 'ரவுண்டபவுட்' (1971). 2012-ல் ஒரு ஜப்பானிய அனிமே அதை முடிவுப் பாட்டாக வைத்தது. அதிலிருந்து, விபத்துக்கு ஒரு நொடி முன் காட்சி உறைந்து 'தொடரும்' அம்பு வரும் துணுக்குகள் இணையம் முழுக்கப் பரவின. துணுக்கு வழியாகப் பாட்டுக்கு வருபவர்கள் ஆரம்பத்தில் எழும் அந்த ஓசையை சிந்தசைசர் என்கிறார்கள். அது பின்னோக்கி ஓட்டிய பியானோ. தேடும்போது மூன்றரை நிமிட சிங்கிள் வடிவத்தில் மாட்டிக்கொள்ளாமல் எட்டரை நிமிடத் தட்டு வடிவத்தை எடுங்கள். அம்பு வந்து நிற்பது பேஸ் நுழையும் இடத்தில், ஏறத்தாழ முக்கால் நிமிடத்தில். அதற்குப் பிறகு பாட்டு இன்னும் ஏழேமுக்கால் நிமிடம் ஓடுகிறது.