நாட்காட்டியைத் தாழ்வாக மாட்டுங்கள்

எங்கள் வீட்டு நாட்காட்டி வெகுகாலம் என் கண்மட்டத்தில்தான் தொங்கியது. நான்கு வயது மகளுக்கு அது எட்டாத உயரம். ஆணியைப் பிடுங்கி அவள் மூக்குக்கு நேராக அடித்த அன்றுதான் பாடமே தொடங்கியது.

எடுத்த எடுப்பில் மாதப் பெயர்களை ஒப்பிக்க வைக்காதீர்கள். நேற்று, இன்று, நாளை பிடிபட்டால் போதும். போன வாரம் நடந்ததையும் அவள் ‘நேற்று’ என்பாள். அவள் விரலை இன்றைய கட்டத்தில் வைத்து, ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்த்தினேன். ஆறாவது கட்டத்தில், “இவ்வளவு தள்ளியா?” என்றாள்.

அன்றைய கட்டத்தை இரவு படுக்குமுன் குழந்தையே கிரேயானால் குறுக்கே அடிக்கட்டும். காலையிலேயே அடித்தால் நாள் முடிந்துவிட்டதென்று நினைத்துக்கொள்கிறார்கள். பட்டுத் தெரிந்துகொண்டது இது.

பெரிய சிக்கல், வரிசை முடிந்ததும் சனிக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு இடப்பக்கம் தாவுவதுதான். பெரியவர்களுக்கு அது உறைப்பதே இல்லை. பழைய மாதத் தாளை வரிசை வரிசையாக வெட்டி, ஒரே நீளப் பட்டையாகத் தரையில் ஒட்டினேன். அவள் அதன்மேல் நடந்து பார்த்தாள், புரிந்துவிட்டது.

மாதத்தின் நாள் கணக்கை ஆறு வயதுக்குமேல் பார்த்துக்கொள்ளலாம். கை முஷ்டியின் முதல் விரல்முட்டி மேட்டை ஜனவரியாக வைத்து, மேடு, பள்ளம் என்று மாறி மாறி மாதங்களை எண்ணினால், மேட்டில் விழும் மாதத்துக்கு 31 நாள், பள்ளத்தில் விழுவதற்கு 30; பிப்ரவரி மட்டும் 28, லீப் ஆண்டான 2028இல் 29. ஜூலை கடைசி மேட்டில் முடியும். ஆகஸ்டை மறுபடி முதல் மேட்டிலிருந்து எண்ண வேண்டும். நானே இரண்டு முறை தவறவிட்டேன்.