விலையுயர்ந்த ஊற்றுப் பேனாவுக்கு எந்த நிறத்தை எடுப்பது?

விலையுயர்ந்த ஊற்றுப் பேனா ஒன்றை வாங்க முடிவு செய்து, எந்தப் பேனா, நிப்பு எவ்வளவு மெல்லியது என்பதையெல்லாம் தீர்மானித்த பிறகும், கறுப்பா நீலமா சிவப்பா என்ற இடத்தில் வாரக்கணக்காகத் தயங்கி நிற்பவர்கள் உண்டு. நானும் அப்படி நின்றதுண்டு. அந்தத் தயக்கத்தில் நான் கற்றுக்கொண்டது, நிறத்தைத் தனியாக எடுத்துப் பார்க்கக் கூடாது என்பதே. ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்த நிறம் எந்தப் பொருளில் தங்கியிருக்கிறதோ அந்தப் பொருளையும், அது இருபது ஆண்டுகள் கழித்து எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம்.

முதலில் கறுப்பு. பலரும் இதைச் சலிப்பூட்டும் தேர்வு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1952இல் அறிமுகமான மான்பிளாங்க் 149 என்ற பேனாவின் இன்றைய ரெசின் (ஒருவகைப் பிளாஸ்டிக்) உடலைப் பலமான விளக்கின் முன் பிடித்துப் பாருங்கள். கறுப்புக்குள்ளிருந்து கருஞ்சிவப்பு ஒளி கசிவது தெரியும். கறுப்பு ரெசின் மைக்கறையை மறைத்துவிடும், வெயிலில் எளிதில் வெளுக்காது. அதன் குறை பளபளப்பில் இருக்கிறது. சட்டைப்பையில் சாவியோடு ஒரு நாள் கிடந்தாலே மயிரிழைக் கீறல்கள் விழுந்து, வெளிச்சத்தில் சாய்க்கும்போதெல்லாம் கண்ணை உறுத்தும். மெருகில்லாத மங்கல் கறுப்பை எடுத்தாலும் முழுதாகத் தப்ப முடியாது. விரல் அடிக்கடி படும் இடங்கள் மட்டும் நாளடைவில் வழவழத்துப் பளபளக்கத் தொடங்கும்.

அதே கறுப்பு எபொனைட்டில் இருந்தால் கதை வேறு. இயற்கை ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டிப்படுத்திய பொருள் அது. கையில் கதகதப்பாக இருக்கும். ஆனால் வெயிலும் ஈரமும் பட்டால் மேற்பரப்பு மெல்லப் பழுப்பாகவோ பாசிப்பச்சையாகவோ மாறிவிடும். ஆகவே எபொனைட் பேனாவை ஜன்னலோரத்தில் வைப்பதும், கழுவுவதற்காக உடலோடு தண்ணீரில் ஊறப்போடுவதும் கூடாது. இந்த அளவு கவனிப்பு நமக்கு ஒத்துவராது என்று தெரிந்தால், எபொனைட்டில் கறுப்பை விட்டுவிட்டுப் பழுப்பு கலந்த வரி நிறங்களை எடுப்பது நல்லது. மாற்றம் அதில் அவ்வளவாகத் தெரியாது.

வயதாவதே அழகாகும் பொருளும் ஒன்று உண்டு. ஜப்பானில் உருஷி என்னும் மரப்பாலை அடுக்கடுக்காகப் பூசிச் செய்யும் அரக்குப் பேனாக்கள் அவை. அவற்றில் தமேநுரி என்ற வகையில், அடியில் சிவப்பு போன்ற ஒரு நிறத்தைப் பூசி, அதன்மேல் ஒளி ஊடுருவும் பழுப்பு அரக்கைப் பல முறை பூசுகிறார்கள். மூடியின் விளிம்பிலும் உடலின் முனையிலும் மேற்பூச்சு மெலிந்திருப்பதால், அங்கெல்லாம் அடிநிறம் ஒரு கோடாக எரிவது போலத் தெரியும். ஆண்டுகள் செல்லச் செல்ல மேல் அரக்கு இன்னும் தெளிந்து, உள்நிறம் மேலும் வெளிவரும். இவ்வகைப் பேனாவை வாங்குபவர், கடையில் தெரியும் கரும்பழுப்பை விட விளிம்பில் தெரியும் நிறம் தமக்குப் பிடித்திருக்கிறதா என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும். நேர் வெயில் உருஷிக்கும் பகைதான்.

உள்ளே மை தெரியும் பேனாக்களில் ஆசை வைப்பவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். நிறமற்ற கண்ணாடி போன்ற ஒரு பேனாவில் அடர் ஊதா மையை நிரப்பி, ஒரு மாதத்துக்கு மேல் எழுதாமல் விட்டுவிட்டேன். எத்தனை முறை கழுவியும், மையை உள்ளிழுக்கும் பிஸ்டன் நின்றிருந்த இடத்தில் ஒரு மெல்லிய ஊதா வளையம் இன்றுவரை இருக்கிறது. தவறு என் சோம்பலுடையது. பேனாவைக் குறை சொல்வதற்கில்லை. சிவப்பு, ஊதா மைகளில் கறைபடுத்தும் குணம் கூடுதலாக இருப்பவை பல. அந்த மைகளைக் கைவிட மனமில்லாதவர் புகை நிறத்தையோ தேன் நிறத்தையோ எடுக்கலாம். மையும் தெரியும், கறையும் மறையும். பெலிகான் நிறுவனத்தின் கோடு போட்ட பச்சைப் பேனாக்கள் இதற்கு இன்னொரு வழி காட்டுகின்றன. கோடுகளுக்கு இடையே வெளிச்சம் ஊடுருவுவதால், தூக்கிப் பிடித்தால் மட்டும் மையின் மட்டம் தெரியும். வெள்ளை, தந்த நிறப் பேனாக்களில் மூடியின் உள்விளிம்பையும், நிப்பை அடுத்து விரல்கள் பிடிக்கும் கழுத்தையும் அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும்.

பலர் கவனிக்கத் தவறும் ஒன்று, எழுதும்போது பேனாவின் உடல் நம் கைக்குள் மறைந்துவிடுகிறது என்பது. அப்போது கண்முன் இருப்பவை நிப்பும் கழுத்தும் மட்டுமே. உடலின் நீலம் கடல் நீலமா மயில் நீலமா என்று மாதக்கணக்கில் யோசித்துவிட்டு, நிப்பு பொன்னிறமா வெள்ளி நிறமா என்பதை ஒரு நொடியில் முடிவு செய்வது தலைகீழான வேலை. வெள்ளி நிறத்தில் தெரியும் நிப்பும் பெரும்பாலும் 14 அல்லது 18 காரட் தங்கத்தின் மேல் ரோடியம் என்ற வெண்ணிற உலோகம் பூசியதுதான். எழுதும் தன்மையை அந்தப் பூச்சு மாற்றுவதில்லை. செம்மை, பழுப்பு, பச்சைக்குப் பொன்னும், நீலம், சாம்பலுக்கு வெள்ளியும் பொருந்தும் என்பது பொதுவழக்கு. கருநீலத்தோடு பொன் சேரும் அழகைப் பார்த்தவர்கள் அந்த வழக்கை அப்படியே ஏற்கமாட்டார்கள்.

அடுத்தது வெளிச்சம். கருநீலம், கரும்பச்சை, கருஞ்சிவப்பு மூன்றும் மாலையில் மஞ்சள் விளக்கின் கீழ் ஏறக்குறைய கறுப்பாகவே தெரியும். படத்தில் பார்த்த நிறத்தை நம்பி வாங்குவதும் ஆபத்து. படமெடுப்பவர் பளிச்சென்ற விளக்கைப் போட்டுத்தான் அந்த நிறத்தை வெளிக்கொண்டு வருகிறார். முடிந்தால் பேனாவைக் கையில் வாங்கி, முதலில் ஜன்னல் வெளிச்சத்திலும், பிறகு நீங்கள் வழக்கமாக எழுதும் விளக்கைப் போன்ற ஒன்றின் கீழும் பாருங்கள். மூடியைக் கழற்றி, எழுதும் வாக்கில் பிடித்து, கை நீளத் தொலைவில் வைத்துப் பாருங்கள். இரவில் மட்டுமே எழுதுபவர் கரும்பச்சைக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை.

எண்ணிக்கை வரையறுத்து வெளியிடும் சிறப்பு நிறங்கள் மனத்தை அவசரப்படுத்தும். அவற்றை எடுக்கும் முன், மூடி உடைந்தாலோ தொலைந்தாலோ அதே நிறத்தில் மாற்று கிடைக்குமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தினமும் பையில் எடுத்துச் செல்லும் பேனாவுக்கு எப்போதும் தயாரிப்பில் இருக்கும் நிறமே பாதுகாப்பானது.

செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்கில் செய்த பேனாவை நிறத்துக்காக வாங்குகிறவர்கள், மூடியின் நிறத்தையும் உடலின் நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். 1920களில் புகழ்பெற்ற வெளிர்பச்சைப் பேனாக்களில் இந்தச் சோதனை மிக அவசியம். உள்ளிருக்கும் ரப்பர் மைப்பையிலிருந்து வரும் கந்தக ஆவி உடலை மட்டும் பழுப்பாக்கியிருக்கும்; மூடி பழைய பச்சையிலேயே நிற்கும். அந்தப் பழுப்பு பொருளுக்குள்ளேயே இறங்கியிருப்பதால், தேய்த்து மெருகேற்றிச் சரிசெய்து தருகிறேன் என்று விற்பவர் சொன்னாலும் நம்பி வாங்காதீர்கள்.