கொட்டேஜுக்கு டொக் போடுமுன்: பலரும் விடும் பிழைகள்

ரொறன்ரோவிலிருந்து வடக்கே கவார்த்தா, ஹாலிபேர்ட்டன், மஸ்கோகா பக்கம் ஏரிக்கரையில் கொட்டேஜ் என்ற விடுமுறை வீட்டை வாங்கும் நம்மவர்களுக்கு, சாவி கைக்கு வந்ததும் எழும் முதல் ஆசை டொக், அதாவது கரையிலிருந்து தண்ணீருக்குள் நீளும் படகு கட்டும் மேடை. ஜூலையில் கரையில் நின்று, தண்ணீரைப் பார்த்து, கடையில் கண்ட அளவுக்கு ஓடர் கொடுத்துவிடுவார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஜூலையில் தெரிவது ஏரியின் நல்ல முகம் மட்டும்தான்.

ஏப்ரலில் பனி உருகியதும் நீர் ஏறும், கோடை முடிய இறங்கும். அதிலும் ஹாலிபேர்ட்டனின் பல ஏரிகள், ட்ரென்ட்–செவெர்ன் கால்வாய்க்குத் தண்ணீர் கொடுக்கும் தேக்கங்கள். அங்கே நீரை வேண்டுமென்றே திறந்துவிடுவார்கள். இலையுதிர் காலத்தில் ஆள் உயரத்துக்கு இறங்கும் ஏரிகளும் உண்டு. ஜூலையில் மிதந்த டொக் செப்டெம்பரில் சேற்றில் குந்தியிருக்கும், படகு வெளியே வராது. கரைப்பாறையில் ஒரு வெளிறிய கோடு தெரிகிறதா பாருங்கள், நீர் எதுவரை ஏறும் என்பதை அது காட்டும். எதுவரை இறங்கும் என்பதைப் பக்கத்துக் கொட்டேஜில் பல வருடம் இருப்பவரிடம் கேளுங்கள். டொக்கின் நுனியில், நீர் மிகக் குறைந்த நாளிலும் மூன்றடி ஆழம் வேண்டும். மோட்டார் பெரிதென்றால் இன்னும் கூட.

அடுத்தது பனிக்கட்டி. ஆழம் குறைந்த இடத்தில் பைப் கால்களில் நிற்கும் டொக் மலிவு, நல்லதும்கூட. ஆனால் அதைக் குளிர்காலத்தில் அப்படியே விட்டால், உறைந்த பனி காலைக் கவ்விக்கொள்ளும். நீர்மட்டம் ஏறும்போது பனியோடு சேர்த்துக் காலையும் பிடுங்கும். வசந்தத்தில் உடைந்த பனித்தகட்டைக் காற்று தள்ளிக்கொண்டு வந்தால், கல் நிரப்பிய மரக்கூடுகளின் மேல் நிற்கும் டொக்குகூடச் சரியும். நீர்மட்டம் மாறும் ஏரிக்கு மிதக்கும் டொக்தான் என் தெரிவு. அதற்கும் நல்ல நங்கூரமும் சங்கிலியும் வேண்டும், இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தளர்வும் வேண்டும்.

சரி, கரை யாருடையது? இதை வாங்குமுன் கேட்பவர்கள் குறைவு. ஒன்ராறியோவில் ஏரியின் அடிநிலம் பெரும்பாலும் அரசுக்குரியது. அதோடு பல ஏரிகளைச் சுற்றி 66 அடி அகலத்துக்கு ‘கரைவீதி ஒதுக்கீடு’ என்று ஒரு பட்டி உண்டு. பழைய நிலஅளவையில் வீதிக்கென்று விட்டது. வீதி வரவேயில்லை, உரிமை மட்டும் நகரசபையிடம் இருக்கிறது. உங்கள் டொக் தொடங்கும் மண்ணே உங்களுடையதாக இல்லாமல் இருக்கலாம். பல இடங்களில் அந்தத் துண்டை நகரசபையிடமிருந்து வாங்கலாம், செலவும் காலமும் பிடிக்கும். வீட்டுக்கு விலை பேசும்போதே வழக்கறிஞரிடம் நிலஅளவை வரைபடத்தைக் காட்டிக் கேட்டுவிடுவது மலிவு.

அனுமதி விஷயமும் இதோடு ஒட்டியதுதான். அடிநிலத்தில் 15 சதுர மீட்டருக்கு மேல் இடம் பிடிக்கும் மரக்கூடுகளுக்கு மாகாண அனுமதி தேவை. ட்ரென்ட்–செவெர்ன் நீர்வழியில் என்றால் மத்திய அரசின் பார்க்ஸ் கனடாவிடம் போக வேண்டும். நகரசபைக்கு நீளம், அயலாரின் எல்லையிலிருந்து விட வேண்டிய தூரம் என்று தனி விதிகள் இருக்கும். மீன் முட்டையிடும் வசந்த காலத்தில் தண்ணீருக்குள் வேலை செய்ய விடமாட்டார்கள். ஆகவே, மே மாதம் ஆள் பிடித்து ஜூனில் முடிப்போம் என்ற கணக்கு பலருக்குப் பிழைக்கிறது.

காற்றையும் பாருங்கள். இங்கே பெரும்பாலும் மேற்கு, வடமேற்கிலிருந்து அடிக்கும். அந்தப் பக்கம் ஏரி நீளமாகத் திறந்து கிடந்தால், அலை படகை நாள் முழுக்க டொக்கில் மோத வைக்கும். மாலைச் சூரியனுக்காக நுனியை மேற்கே நீட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

டொக்குக்கு மின்சாரம் இழுப்பதென்றால் உரிமம் உள்ள மின்பணியாளர்தான், மச்சான் அல்ல. நன்னீரை விட மனித உடலில் மின்சாரம் இலகுவாகப் பாயும். சிறு கசிவுகூட நீந்துகிறவரின் தசைகளை முடக்கி மூழ்கடிக்கும்.

அப்புறம், கழற்றிய டொக்கை எங்கே வைப்பது? கரை செங்குத்தான பாறையென்றால் இழுத்து ஏற்ற இடமே இராது. ஒக்டோபரில் தாங்ஸ்கிவிங் விடுமுறையில் எல்லோரும் ஒரே நேரத்தில்தான் ஆள் தேடுவார்கள். தண்ணீரில் இறங்கினால் அப்போது கால் விறைக்கும். சில்லுப் பூட்டிய டொக், அல்லது இருவர் தூக்கக்கூடிய துண்டுகளாகப் பிரியும் அலுமினிய டொக் என்று ஆரம்பத்திலேயே தேர்ந்தால், வருடாவருடம் ஒருவருக்குக் காசு கொடுக்கும் தேவை இல்லை.