கேம் திக்குகிறதா? யுனிட்டி பிளாசாவுக்கு ஓடுமுன் பார்க்க வேண்டியவை

கொழும்பில் கேம் விளையாடும் பையன்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. திரையில் படம் இரண்டு தடவை திக்கினால் போதும். அடுத்த சனிக்கிழமை கணினிக் கடைகள் நிறைந்த பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் நின்று, கேமின் படங்களை வரையும் கிராஃபிக்ஸ் கார்டின் விலை கேட்டுக்கொண்டிருப்பார்கள். 2022இல் ரூபா சரிந்ததிலிருந்து அந்த விலைகள் கேட்டவரை உட்கார வைத்துவிடும் ரகம். கடன்பட்டு வாங்கிப் பூட்டிய பிறகும் திக்கல் அப்படியே இருந்த வீடுகள் எனக்குத் தெரியும். நோவு வயிற்றில், தைலம் தலையில் என்றால் எப்படி மாறும்?

வெள்ளவத்தையில் இருக்கும் என் அக்கா மகனும் அப்படித்தான் புறப்பட்டு நின்றான். “மாமா, இந்தக் கார்ட் இனிச் சரிவராது” என்றான். ரைசன் 5 5600 புரொசெசர், ஜி.டி.எக்ஸ். 1660 சூப்பர் கார்ட், 16 ஜி.பி. ராம். மோசமான கணினி அல்ல. டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரிப் பக்கத்தைப் பார்த்தேன். வேகம் 2133 என்று இருந்தது. அவன் வாங்கிய ராம் 3200. பக்க மூடியைக் கழற்றினால் இன்னொரு கூத்து: நான்கு இடங்களில் முதலிரண்டில் இரண்டு ராமும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பூட்டிக்கொடுத்த கடைக்காரர் அவசரத்தில் இருந்திருப்பார்.

அடுத்தடுத்த இரண்டு இடங்களும் பெரும்பாலான மதர்போர்டுகளில் ஒரே சேனலை, அதாவது தரவு போகும் ஒரே பாதையை, சேர்ந்தவை. காலி வீதியில் ஒரு பாதியை மூடிவிட்டு எல்லா பஸ்களையும் மறுபாதியில் விட்டது போலத்தான். புரொசெசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் பூட்ட வேண்டும். பிறகு கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயோஸுக்குள் போய், ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்.எம்.பி. என்பதை இயக்க வேண்டும். சில போர்டுகளில் அதற்கு டி.ஓ.சி.பி. என்று பெயர். இதைச் செய்யாதவரை 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ராம் மெதுவாகவே ஓடும், ஒரு எச்சரிக்கையும் காட்டாது. இரண்டையும் சரிசெய்ய எங்களுக்குப் பத்து நிமிடம் போனது. திக்கல் முக்கால்வாசி அங்கேயே நின்றுவிட்டது.

அவனுடைய மொனிட்டர் 144 ஹெர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 144 படம் காட்டக்கூடியது. விண்டோஸில் அது 60இல் கிடந்தது. 60 என்றால் 16.7 மில்லிசெக்கனுக்கு ஒரு படம், 144 என்றால் 6.9க்கு ஒன்று. ஒரு வருடமாக அந்த வித்தியாசத்துக்குக் கொடுத்த காசு சும்மா கிடந்திருக்கிறது. இன்னொரு வீட்டில் மொனிட்டர் வயரையே கிராஃபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருந்தார்கள். சிரிக்காதீர்கள், இது அபூர்வமான தவறு அல்ல.

எல்லோரும் செய்யும் பெரிய தவறு, அளக்காமல் வைத்தியம் பார்ப்பது. எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருள் ஒன்று, விளையாடும்போதே எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று திரையின் மூலையில் காட்டும். கார்ட் 95 சதவீதத்துக்கு மேல் உழைத்தால் தடை கார்டில்தான். நிழல், மூடுபனி, பிரதிபலிப்பு, ஒளி போகும் வழியைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் ஆகியவற்றைக் குறைத்தால் பலன் தெரியும். கார்ட் 60 சதவீதத்தில் சும்மா நிற்க, படமோ திக்குகிறது என்றால், வேகத்துக்கு வேறு எல்லை எதுவும் போட்டிருக்காவிட்டால், தடை பெரும்பாலும் புரொசெசரிலோ ராமிலோ இருக்கிறது. அப்போது ரெசொலூஷனைக் குறைத்துக்கொண்டே போவதால் படம் மங்குமே தவிர வேகம் கூடாது. பொருள்களின் மேல் ஒட்டும் படமான டெக்ஸ்சரைக் குறைப்பதும் அப்படித்தான். கார்டின் நினைவகம் நிரம்பி வழிந்தாலொழிய அதில் பெரிய இலாபம் இல்லை.

படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் எஃப்.எஸ்.ஆர். நல்ல உதவி, அதன் முந்தைய பதிப்புகள் பழைய கார்டுகளிலும் வேலை செய்யும். ஆனால் 1080 ரெசொலூஷனில் அதன் குவாலிட்டி நிலையே உள்ளுக்குள் 720இல் வரைந்துதான் பெரிதாக்குகிறது. அதற்குக் கீழே இறங்கினால் மரமும் இலையும் களியாகிவிடும். இடையிடையே செயற்கைப் படங்களைச் செருகும் ஃபிரேம் ஜெனரேஷனை, செக்கனுக்கு 30 ஃபிரேமில் திணறும் கணினியில் போடாதீர்கள். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும், கைக்கு மௌஸ் சேற்றில் இழுப்பது போல் இருக்கும்.

அடுத்தது சூடு. ஊரே 30 பாகையில் வேகிறது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மேசைக்கு அடியில் கணினியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் அது எங்கே மூச்சு விடும்? முதல் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு வேகம் விழுந்தால் சூட்டைச் சந்தேகியுங்கள். புரொசெசரும் கார்டும் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைக்கின்றன. ஆரம்பத்திலிருந்தே மோசம் என்றால் காரணத்தை வேறிடத்தில் தேடுங்கள். பக்க மூடியைத் திறந்து ஸ்டாண்ட் மின்விசிறியை வைப்பது ஒரு நாளைக்குச் சரி. அதையே வழக்கமாக்கினால், கடற்கரைப் பக்க வீடுகளில் தூசியோடு உப்புக்காற்றும் உள்ளே குடியேறும். காற்றடித்துத் துப்புரவு செய்யும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுழலவிட்டால் அதன் பேரிங் கெடக்கூடும்.

ஒன்லைன் விளையாட்டில் எதிரி திடீரென்று இடம்மாறித் தோன்றுகிறான் என்றால் அது பெரும்பாலும் இணைப்பின் குற்றம். இங்கிருந்து நாம் வழக்கமாகச் சேர்வது சிங்கப்பூர் அல்லது மும்பை சர்வரில். எந்தக் கார்டும் அந்தத் தூரத்தைச் சுருக்காது. ஆனால் அடுக்குமாடியில் முப்பது வீட்டு வைஃபை ஒன்றோடொன்று மோதும் இடத்தில், ரௌட்டரிலிருந்து ஒரு வயர் இழுத்துவிட்டால் பிங், அதாவது சர்வருக்குச் செய்தி போய்வரும் நேரம், ஏறி இறங்குவது அடங்கும்.

‘ஒரே சொடுக்கில் கேம் வேகம்’ என்று வரும் மென்பொருள்களை இறக்காதீர்கள். பாதுகாப்பைப் பிடுங்கிவிட்டு ‘கேமிங் விண்டோஸ்’ என்று யாரோ கொடுக்கும் பதிப்பையும் தொடாதீர்கள். அதே கணினியில்தான் வீட்டாரின் வங்கிக் கணக்கும் திறக்கப்படுகிறது.

காசு செலவழித்தே ஆக வேண்டுமென்றால், கேம் இன்னும் வன்தட்டில் இருப்பவர்கள், அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்.எஸ்.டி.யில் செலவழிக்கலாம். திறந்த உலகக் கேம்களில் புதுத் தெருவுக்குள் நுழையும்போது வரும் திக்கல் பெரும்பாலும் அங்கிருந்துதான். அக்கா மகனும் அதைத்தான் வாங்கினான். கார்டுக்கென்று சேர்த்ததில் மிச்சக் காசு எங்கே என்று நான் கேட்கவில்லை. அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறாள்.