மார்ச்சைத் தவறவிட்டு ஏப்ரலில் வருபவர்களுக்கு: கவுண்டி பட்ஜெட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில், வடக்கு வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சி அமைப்பு) ஒவ்வோர் ஏப்ரலிலும் பட்ஜெட் மீதான கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கிறது. இப்போது தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் பலர் பேசப் போகிறார்கள். அதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளை அவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. நேரத்தோடு போங்கள், கத்தாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

வரி விகிதத்தை மட்டும் பார்ப்பது

சொத்து வரிக்கு இரண்டு கால்கள்: ஒன்று விகிதம், மற்றொன்று வீட்டின் மதிப்பீடு. 2025 மே மாதம், கவுண்டியை ஆளும் மேற்பார்வையாளர் வாரியம் 100 டாலர் மதிப்புக்கு 1.125 டாலராக இருந்த விகிதத்தை 1.1225 ஆகக் குறைத்தது. ஆனாலும் பெரும்பாலானோருக்கு வரி கூடியது, ஏனென்றால் வீடுகளின் மதிப்பீடு அதைவிட வேகமாக ஏறியிருந்தது. “விகிதத்தை உயர்த்தாதீர்கள்” என்று கேட்டு, கேட்டது கிடைத்தும், கூடுதல் வரி கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

மார்ச்சைத் தவறவிடுவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது.

பிப்ரவரியில் கவுண்டியின் தலைமை நிர்வாகி வரைவு பட்ஜெட்டை முன்வைக்கிறார். மார்ச்சில் பத்துப் பேர் கொண்ட மேற்பார்வையாளர் வாரியம் கூடி, அந்த ஆண்டின் சொத்து வரி விகிதம் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று அறிவிக்கை வெளியிடுகிறது. ஏப்ரலில் மக்கள் பேசுகிறார்கள். மே மாதம் பட்ஜெட் நிறைவேறுகிறது. மார்ச்சில் அறிவித்த விகிதத்திலிருந்து மே மாதத்தில் இறங்கலாம், ஏற முடியாது. ஏற வேண்டுமென்றால் புதிய அறிவிக்கை, புதிய கேட்பு என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். நிதியாண்டோ ஜூலை 1 அன்று பிறந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த பெற்றோர் சிலர் பள்ளிகளுக்குக் கூடுதல் நிதி கேட்டுத் திரண்டார்கள். இன்னும் ஒரு சென்ட் வரி உயர்ந்தாலும் சம்மதம் என்பது அவர்கள் கோரிக்கை. கணக்கெல்லாம் சரியாகப் போட்டிருந்தார்கள்: ஏழரை லட்சம் டாலர் வீட்டுக்கு ஒரு சென்ட் என்றால் ஆண்டுக்கு 75 டாலர், கவுண்டி முழுவதற்கும் மூன்று கோடி டாலருக்கு மேல். வீடு வீடாகப் போய்க் கையெழுத்தும் வாங்கினார்கள். அத்தனையும் ஏப்ரலில்! உலையில் அரிசி போட்டு முடித்த பிறகு விருந்தினரைக் கூட்டி வந்த கதைதான்.

அதோடு முடியவில்லை. உச்சவரம்பு ஏற முடியாது என்றால், பள்ளிக்குக் கூடுதலாகப் போகும் ஒவ்வொரு டாலரும் வேறொருவரிடமிருந்துதான் வர வேண்டும். அன்று அவர்களுக்கு அடுத்துப் பேசியவர்கள் நூலகத்துக்காகவும் முதியோர் சேவைக்காகவும் வந்தவர்கள். யாரோடும் பகை இல்லாத பெற்றோர், தங்களுக்கே தெரியாமல் அவர்களுக்கு எதிராக நின்றார்கள். அதே கணக்கைப் பிப்ரவரியில் வாரியத்தில் தங்கள் பகுதிக்கான உறுப்பினரின் அலுவலகத்தில் கொடுத்திருந்தால், உச்சவரம்பைப் பற்றிய பேச்சிலேயே அது இடம் பிடித்திருக்கும்.

2024-ஐப் பாருங்கள். நான்கு சென்ட் உயர்வுக்கு அறிவிக்கை வந்தது. மே மாதம் மூன்று சென்ட் நிறைவேறியது. ஏப்ரல் மாதப் பேச்சுக்கு இருந்த வெளி அந்த நான்குக்குள்தான். ஆகவே வரியைக் குறைக்கச் சொல்பவர் ஏப்ரலில் வரலாம். கூடுதல் செலவு கேட்பவர் மார்ச்சுக்கு முன்பே வந்தாக வேண்டும். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் அடுத்த ஆண்டும் ஏப்ரலில்தான் தொலைபேசி அழைப்புகள் வருகின்றன.

தவறான கதவைத் தட்டுவது

கவுண்டியின் பொது நிதியில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்குப் போகிறது. ஆனால் எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர், இசை வகுப்பு இருக்குமா என்பதை மேற்பார்வையாளர் வாரியம் முடிவு செய்வதில்லை. அது மொத்தத் தொகையைக் கொடுக்கும். பங்கிடுவது தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளி வாரியம். வர்ஜீனியாவில் பள்ளி வாரியத்துக்கு வரி போடும் அதிகாரமும் இல்லை. தொகை போதவில்லை என்றால் முதல் கதவு. பங்கீடு சரியில்லை என்றால் இரண்டாவது கதவு.

“வேறு வரி போடுங்களேன்” என்று கேட்பது

மாநிலச் சட்டம் அனுமதிக்காத வரியைக் கவுண்டி போட முடியாது. உணவக வரிக்கு முன்பெல்லாம் மக்கள் வாக்கெடுப்பு கட்டாயம். 2016-இல் இங்கே மக்கள் அதை நிராகரித்தார்கள். 2020-இல் மாநிலச் சட்டமன்றம் அந்தக் கட்டாயத்தை நீக்கிய பிறகே 2025-இல் வாரியத்தால் 4 சதவீத உணவக வரியை நிறைவேற்ற முடிந்தது. புதிய வரி வேண்டுமென்றால் மாநிலத் தலைநகர் ரிச்மண்டுக்கு எழுதுங்கள்.

நிதியாண்டைக் குழப்புவது

2026 நிதியாண்டு தொடங்கியது 2025 ஜூலையில்.

இருப்பு நிதியில் கைவைக்கச் சொல்வது

“இவ்வளவு பணம் சும்மா இருக்கிறதே!” என்று ஆண்டுதோறும் யாராவது கேட்கிறார்கள். சும்மா இல்லை. பொது நிதிச் செலவில் 10 சதவீதத்தை இருப்பாக வைப்பது கவுண்டியின் கொள்கை. கடன் பத்திரங்களுக்கு மிக உயர்ந்த தரமதிப்பீடு கிடைப்பதற்கும், பள்ளிக் கட்டடங்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைப்பதற்கும் அந்த இருப்பு ஒரு முக்கியக் காரணம். அதிலிருந்து எடுக்கும் பணம் ஒரு முறைதான் வரும். அதை நம்பி நியமித்த ஆசிரியருக்கு ஒவ்வொரு மாதமும் சம்பளம் தர வேண்டும். இருப்பைக் கேட்பதென்றால் கூரை பழுதுபார்ப்பது, பேருந்து வாங்குவது போல ஒரே முறையில் முடியும் செலவுக்குக் கேளுங்கள்.