ஆதிக் கிறிஸ்தவ நம்பிக்கைகளைப் பற்றி வாதிடும் முறை

இயேசுவைப் பின்பற்றிய முதல் தலைமுறையினரின் நம்பிக்கை எங்கிருந்து வந்தது, அதற்கு அவர்கள் என்ன பொருள் கொண்டார்கள் என்னும் விவாதங்கள் பெரும்பாலும் தொடங்கிய சிறிது நேரத்திலேயே தடம் மாறிவிடுகின்றன. மூன்று வெவ்வேறு கேள்விகளை இரு தரப்பினரும் ஒரே கேள்வியாகக் கருதிக்கொள்வதே இதற்குக் காரணம். அவர்கள் எதை எப்போது நம்பினார்கள் என்பது ஒரு கேள்வி. அந்த நம்பிக்கை எந்தச் சூழலில் முளைத்தது என்பது இன்னொன்று. அது உண்மையா என்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் ஏடுகளைக் கொண்டு விடை தேடலாம். மூன்றாவதை ஏடுகள் மட்டுமே தீர்த்துவைப்பதில்லை. ஆகவே, எந்தக் கேள்வியைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பதை முதலில் இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். நடுவில் ஒருவர் கேள்வியை மாற்றினால் மற்றவர் அதைச் சுட்டிக்காட்டத் தயங்கக் கூடாது.

அடுத்து, நூல்களின் காலவரிசையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். புதிய ஏற்பாடு அச்சிடப்பட்டிருக்கும் வரிசை, நூல்கள் எழுதப்பட்ட வரிசை அன்று. பவுலின் கடிதங்களில் அவருடையவை என்று ஏறத்தாழ எல்லா ஆய்வாளர்களும் ஏற்கும் ஏழும் கி.பி. 50-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கி ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டவை. மாற்கு நற்செய்தி 70-ஐ ஒட்டியும், மத்தேயுவும் லூக்காவும் அதற்குச் சில ஆண்டுகள் கழித்தும், யோவான் நூற்றாண்டின் இறுதியிலும் எழுந்தன என்பது பரவலான கணிப்பு. இதனை ஏற்காதவர்கள் உண்டு. அப்படியானால் விவாதத்தை அங்கேயே தொடங்க வேண்டும். ஆண்டைப் பற்றி உடன்படாதவர்கள் பொருளைப் பற்றி வாதிடுவது வீண்.

இந்தத் தாள் எவ்வாறு உதவும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டை விரிவாகப் பார்ப்போம். “இயேசுவைக் கடவுளாக்கியது 325-இல் கான்ஸ்டன்டைன் பேரரசர் கூட்டிய நிசேயா சங்கம்தான்” (சங்கம் என்பது ஆயர்களின் பேரவை) என்னும் கூற்று எழாத விவாதத்தை நான் கண்டதில்லை. தாளைப் பாருங்கள். 112-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவை ஒரு கடவுளாகக் கொண்டு பாடுகிறார்கள் என்று இன்றைய துருக்கியின் வடபகுதியிலிருந்த பித்தினியாவின் உரோமை ஆளுநர் பிளினி, டிராஜன் பேரரசருக்கு எழுதினார். அவர் கிறிஸ்தவர் அல்லர் என்பதால் இந்தச் சாட்சியத்துக்குத் தனி மதிப்பு உண்டு. அதற்கும் அரை நூற்றாண்டு முன்பே, பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில், ஏசாயா நூல் கடவுளுக்கு உரியதாகச் சொல்லும் வணக்கத்தைப் பவுல் இயேசுவுக்கு உரியதாக்குகிறார். ஆகவே வழிபாடு நிசேயாவில் பிறக்கவில்லை. அங்கே எழுந்த கேள்வியே வேறு. அங்கே கண்டிக்கப்பட்ட அலெக்சாந்திரியக் குரு ஆரியுஸ், இயேசு வெறும் மனிதர் என்று வாதிடவில்லை. காலங்களுக்கு முன்பே இருந்தவராயினும் படைக்கப்பட்டவர் என்றே வாதிட்டார். மகனாகிய இயேசு தந்தையாகிய கடவுளோடு ஒரே சாரமுடையவர் என்று சங்கம் அதற்கு விடையளித்தது. விவிலிய நூல்களின் பட்டியலை முடிவுசெய்ததும் அந்தச் சங்கமே என்பது இன்னொரு பிழை. புதிய ஏற்பாட்டில் இன்றுள்ள 27 நூல்களையும் கூட்டாமல் குறைக்காமல் தரும் பட்டியல், அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய கடிதத்தில்தான் முதன்முதலில் காணப்படுகிறது.

இதைக் கேட்டு மறுதரப்பினர் வெற்றிக் களிப்படைய வேண்டாம், ஏனெனில் அவர்களும் அதே தவற்றை எதிர்த்திசையில் செய்வதுண்டு. “ஒரே சாரம்” என்னும் சொல் விவிலியத்தில் எங்கும் இல்லை. நிசேயாவின் வாய்பாட்டைப் பவுலின் வரிகளுக்குள் ஏற்றிப் படித்துவிட்டு, அது முதலிலிருந்தே அங்கே இருந்தது என்று சொல்வது வரலாறு ஆகாது. வழிபாடு முந்தியது, அதற்கான தத்துவ விளக்கம் பிந்தியது என்பதே சான்றுகள் காட்டும் அளவு.

பிற சமயங்களிலிருந்து கடன் வாங்கப்பட்டது என்னும் வாதத்துக்கு வருவோர், ஒப்புமை மூலநூலிலேயே உள்ளதா, அது காலத்தால் முந்தியதா, அது வந்து சேர வழி இருந்ததா என்று கேட்க வேண்டும். உரோமைப் பேரரசில் வழிபடப்பட்ட மித்ரா என்னும் தெய்வம் கன்னியிடம் பிறந்தார் என்பது முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். உரோமைச் சிற்பங்களில் அவர் பாறையிலிருந்து எழுகிறார். யூத மரபோ அருகிலேயே இருக்கிறது. சாக்கடலருகே கும்ரானில் கிடைத்த பழைய யூத ஏடுகளுள் ஒரு சுருள்துண்டு, மெசியாவை (யூதர் எதிர்பார்த்த மீட்பரை) குறிப்பிட்டதன் பின் இறந்தோர் உயிர்பெறுவதையும் ஏழைகளுக்கு நற்செய்தி சொல்லப்படுவதையும் அடுத்தடுத்து வைக்கிறது; மத்தேயு 11:5-உம் அவ்வாறே வைக்கிறது. அதற்காக எல்லாமே யூத மரபில் ஆயத்தமாக இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. சிலுவையில் அறையப்பட்ட மெசியா என்பது யூதருக்கு இடறலாகவும் பிறருக்குப் பைத்தியமாகவும் தோன்றியது என்று பவுலே ஒப்புக்கொள்கிறார்.

பொருளைப் பற்றிய விவாதத்தில் சொற்களின்மேல் மெதுவாகச் செல்லுங்கள். “கடவுளின் மகன்” என்னும் தொடர் இரண்டாம் சங்கீதத்தில் இஸ்ரயேலின் அரசனைக் குறிக்கிறது. அகஸ்டஸ் பேரரசரின் நாணயங்களிலோ தெய்வமாக்கப்பட்டவரின் மகன் என்னும் பட்டம் பொறிக்கப்பட்டிருக்கிறது. முதல் வாசகர் எதைக் கேட்டிருப்பார் என்பதே கேள்வி. மொழிபெயர்ப்பும் வழியை மாற்றிவிடும். பிலிப்பியர் 2:6-இல் வரும் ஹார்பக்மோஸ் என்னும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் இல்லை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதைக் “கொள்ளையாடின பொருள்” என்கிறது. பிற்காலத்துத் தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியமோ “வலிந்து பற்றிக்கொண்டிருக்க வேண்டிய” ஒன்று என்கிறது. ஒன்று பறித்ததைப் பற்றியது, மற்றது கையிலிருப்பதை விடாமல் பிடிப்பதைப் பற்றியது. இருவர் கையிலும் இருவேறு மொழிபெயர்ப்புகள் இருக்குமானால், அவர்கள் ஒருவரோடொருவர் வாதிடுவதாக எண்ணிக்கொண்டு மொழிபெயர்ப்பாளர்களோடு வாதிட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

ஐயத்துக்குரிய பகுதிகளை ஆதாரமாக நீட்டாதீர்கள். மாற்கு 16:9-20, விவிலியத்தின் மிகப் பழைய கையெழுத்துப் படிகளான சினாய், வத்திக்கான் ஏடுகளில் இல்லை. யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸின் பதினெட்டாம் நூலில் இயேசுவைப் பற்றி வரும் பத்தியில் கிறிஸ்தவ எழுத்தர்களின் கைவண்ணம் கலந்திருப்பதாகப் பெரும்பாலோர் கருதுகின்றனர். ஆனால் இருபதாம் நூலில், கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர் யாக்கோபு என்று போகிறபோக்கில் வரும் குறிப்பைப் பெரும்பாலோர் ஏற்கின்றனர். வலுவற்ற சான்றை நீங்களே முதலில் ஒதுக்கிவிட்டால், உங்களிடம் எஞ்சியிருப்பதை எதிர்த்தரப்பு கூர்ந்து கேட்கும்.

மறுமொழி சொல்லுமுன் எதிராளியின் கருத்தை, “ஆம், நான் சொன்னது அதுதான்” என்று அவரே ஏற்கும்படி எடுத்துச் சொல்லுங்கள். “பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள்” என்று யாராவது சொன்னால், நானே மேலே சொன்னதுபோல, அவர்கள் அவ்வாறு கருதுவதற்கான காரணத்தைக் கேளுங்கள். கூட்டம் கலையும்போது, தீராமல் நின்ற கேள்வியையும், எந்தச் சான்று கிடைத்தால் அது தீரும் என்பதையும் அதே தாளின் அடியில் எழுதிவையுங்கள். அடுத்த சந்திப்பை அந்த வரியிலிருந்து தொடங்கலாம்.